கேட்டதை மட்டும் எழுதுக!

முதலில் ஒரு கணக்கு. ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். அதைப் போனில் பதிவு செய்துகொண்டு, வார்த்தை பிசகாமல் எழுத்தில் இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

'ஒரு மணி நேரம்' என்றவர்கள் கையைக் கீழே போடவும். 'ஒன்றரை' என்றவர்களும்தான். சரியான விடை, நாலிலிருந்து ஆறு மணி நேரம். அதுவும் பேசுகிறவர் ஒருத்தராக இருந்து, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடாமல் இருந்தால். இரண்டு பேர் குறுக்கே குறுக்கே பேசி, நடுவில் ஒரு சேவலும் கருத்துச் சொன்னால் எட்டு.

இந்த வேலைக்கு 'டிரான்ஸ்கிரிப்ஷன்' என்று கம்பீரமான பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர், 'காதுல மாட்டிகிட்டு பண்ற அந்த வேலை'. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு செக்குக்கும் அடுத்த செக்குக்கும் நடுவில் நிறைய நாட்கள் வரும். அந்த நாட்களை நிரப்ப, கூட்டங்களில் பேசியது, மேனேஜர் சொன்னது என்று எதையாவது கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 2025 ஆரம்பத்தில் வந்த ஒரு வேலை அந்த நினைப்பை மாற்றியது.

அழைத்தவர் ஒரு ஆராய்ச்சி மாணவி. "அண்ணா, மொத்தம் 31 பேட்டி. 41 மணி நேரம். எல்லாம் உங்க ஊர்ப் பேச்சு. மெட்ராஸ்ல குடுத்துப் பார்த்தேன், பாதி புரியலைங்கறாங்க" என்றார்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி. பேட்டிகள், கருணாபுரம்.

பெயர் நினைவிருக்கும். 2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் முதல் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் இடம் போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்ததை டி.வி.யில் நாடே பார்த்தது. குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஓய்வு பெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் போட்டார்கள். அதே 2024 நவம்பர் 20-ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

என்னிடம் வந்தது வழக்குக் காகிதம் இல்லை. அந்தக் குடும்பங்கள் அதற்கப்புறம் எப்படி வாழ்கின்றன என்ற ஆராய்ச்சி. வீட்டுச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு, எப்போதாவது அந்த இரண்டு நாள். பேசியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெண் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: 'உங்கள் பெயர் எங்கேயும் வராது.' கொடுத்தது அவர். ஆனால் காப்பாற்றுவதில் பாதி என் மேஜையில் இருந்தது.

பென் டிரைவைச் செருகினேன். உள்ளே 'வாய்ஸ் 001', 'வாய்ஸ் 001 (1)', 'நியூ ரெக்கார்டிங் 7', 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்று கல்யாண மண்டபச் செருப்புகள் மாதிரி ஃபைல்கள் கிடந்தன. சிலவற்றுக்கு ஆளின் பெயரே தலைப்பு. இன்னாருடைய மனைவி என்று முழு விலாசமாக.

இங்கேதான் சார், பி.காம். கை கொடுத்தது. கணக்குப் பதிவியலில் முதல் பாடம் என்ன? வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை. எண் இல்லாமல் வவுச்சர் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் போட்டேன். 20250112_கப_07 என்றால், 2025 ஜனவரி 12, கருணாபுரம், ஏழாவது பேட்டி. வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். 12-01-2025 என்று நம் வழக்கப்படி போட்டால் கம்ப்யூட்டர் எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் தேதிகளையும் ஒன்றாகக் கூட்டி உட்கார வைத்துவிடும். வருடத்தை முன்னால் போட்டால் தானாகவே கால வரிசையில் நிற்கும். காசு செலவில்லாத ஒழுங்கு.

ஏழு என்றால் யார்? அது ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதியிருந்தது. அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள் போகவே இல்லை. பீரோவில், இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்கு அடியில். ஃபைல் திருடு போனால் நோட்டு இல்லை. நோட்டு திருடு போனால் ஃபைல் இல்லை. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வைத்திருக்கிறார்களே, அந்தத் தத்துவம்தான்.

அடுத்த விதி, ஒரிஜினலைத் தொடாதே. கணக்கில் தப்பான என்ட்ரியை அழிக்க மாட்டோம், எதிர் என்ட்ரி போட்டுத்தான் சரி செய்வோம். அதே மாதிரி, வந்த ஃபைல் வந்தபடியே ஒரு ஃபோல்டரில் தூங்கவேண்டும். வெட்டுவது, சத்தம் கூட்டுவது, ஃபேன் இரைச்சலைக் குறைப்பது எல்லாம் நகலில்தான். இரைச்சல் குறைக்க 'ஆடாசிட்டி' என்று ஒரு இலவச மென்பொருள் 2000-லிருந்து இருக்கிறது. பேச்சை மலையும் பள்ளமுமாக வரைந்து காட்டும். ரொம்பக் குறைத்தால் ஃபேனோடு சேர்த்து மனிதரும் கிணற்றுக்குள் போய்விடுவார். ஜாக்கிரதை.

நகல்களுக்கு 3-2-1 என்று ஒரு சூத்திரம் உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். என் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மாணவியிடம் ஒன்று. இரண்டு டிஸ்க்குகளுக்கும் பாஸ்வேர்டு பூட்டு. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் வந்து போகிற அழகைப் பார்த்தால் மூன்று பிரதிகூடக் குறைச்சல் என்று தோன்றும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பீர்கள். இதுவும் கணக்குதான். சி.டி. தரத்தில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு பைட். ஸ்டீரியோ என்றால் இரட்டிப்பு. பெருக்கினால் மணிக்குச் சுமார் 635 எம்.பி. 41 மணி நேரத்துக்கு 26 ஜி.பி. ஒரு சாதாரண 32 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும். அதையே 64 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சுருக்கினால் மணிக்கு 29 எம்.பி.தான். மொத்தமும் 1.2 ஜி.பி.க்குள். ஆனால் சுருக்கும்போது, காதுக்குத் தேவையில்லை என்று நினைப்பதை எல்லாம் அது தூக்கிப் போட்டுவிடும். போனதைத் திரும்பப் பெற முடியாது. புடவைக் கடையில் டிஸ்கவுன்ட் துணி மாதிரி. எழுதுவதற்குச் சுருக்கிய நகல் போதும், பாதுகாக்க ஒரிஜினல்.

இனி, கேட்டு எழுதும் விஷயம். சாதாரணப் பிளேயரில் பாட்டுக் கேட்கலாம், பேட்டி எழுத முடியாது. ஒவ்வொரு வரிக்கும் மௌஸை எடுத்து நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி விட்டு... சாயந்திரத்துக்குள் மணிக்கட்டு போய்விடும். இதற்கென்றே இருப்பவற்றில் 'ஓடிரான்ஸ்கிரைப்' இலவசம். ஒரே ஜன்னலில் மேலே ஒலி, கீழே எழுத்து. ஒரு பட்டனைத் தட்டினால் நிற்கும். மறுபடி தட்டினால் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பிரவுசரில் ஓடினாலும், ஒலி நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 'எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப்' என்பதில் காலால் அமுக்கும் பெடல் வைத்துக்கொள்ளலாம். தையல் மெஷின் போல கால் ஒரு வேலை, கை ஒரு வேலை. யார் பேசியது எந்த விநாடியில் என்று தனித்தனி வரிசையாக வேண்டுமென்றால், நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கிய 'ஈலன்' இருக்கிறது. அதையும் காசில்லாமல் கொடுக்கிறார்கள். டைப் அடிக்கத் தமிழ்99 பழகிக்கொள்ளுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. ஒரு மாதம் திட்டுவீர்கள். அப்புறம் விடமாட்டீர்கள்.

"இவ்வளவு எதுக்கு? கம்ப்யூட்டரே கேட்டு எழுதிக் குடுத்துடுமே!" என்று என் நண்பன் சிரித்தான். ஆபீஸில் மீட்டிங் மினிட்ஸ் எல்லாம் அவன் அப்படித்தான் முடிக்கிறானாம்.

நியாயமான கேள்வி. பேட்டிகளைத் தொடாமல் ஒரு பரிசோதனை செய்தேன். பழைய பேப்பரில் வந்த செய்தியை எங்கள் ஊர்ப் பேச்சில், என் குரலில், போனில் பேசிப் பதிவு செய்தேன். நடுவே வேண்டுமென்றே பத்து விநாடி சும்மா இருந்தேன். அதை ஒரு மென்பொருளிடம் கொடுத்தேன். எதுவென்று சொல்லப் போவதில்லை, பாவம்.

பேச்சில் முக்கால்வாசியை அழகாக எழுதியிருந்தது. 'கோழி கூப்புட எழுந்து வாந்தி எடுத்தாரு' என்றேன். எங்கள் பக்கம் 'கோழி கூப்புட' என்றால் விடியற்காலை. அது, யாரோ ஒருவர் கோழியைக் கூப்பிட்டதாக எழுதியிருந்தது. போகட்டும். 'மெத்தனாலால செத்தாங்க' என்றதை, 'மெத்தனத்தால் செத்தாங்க' என்று போட்டிருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாராயம் விற்ற இடத்துக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம் என்று அப்போது பேப்பர்கள் எல்லாம் எழுதின. மெஷின் தெரியாமல் சொன்னதை ஊரில் பலர் தெரிந்தே சொன்னார்கள். ஆனாலும், பேசியவர் மெத்தனால் என்றால் மெத்தனால்தான். அதை மெத்தனம் ஆக்க எனக்கும் உரிமை இல்லை, மெஷினுக்கும் இல்லை.

அந்தப் பத்து விநாடி சும்மா இருந்தேனே? அந்த இடத்தில் 'பார்த்ததற்கு நன்றி, மீண்டும் சந்திப்போம்' என்று இருந்தது!

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2022 செப்டம்பரில் ஓப்பன் ஏ.ஐ. வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் படித்தது. தமிழும் தெரியும். நெட்டுக்கு அனுப்பாமல் நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்பது பெரிய சௌகரியம். அதை 2024-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலிசன் கோனெக்கியும் மற்ற ஆய்வாளர்களும் ஆங்கிலப் பேச்சில் சோதித்தார்கள். சுமார் நூற்றுக்கு ஒரு துண்டில், யாருமே பேசாத வாக்கியங்களை அது முழுசாகக் கற்பனை செய்து சேர்த்திருந்தது. பேசுகிறவர்கள் எங்கே அதிகம் தயங்கி நிறுத்துகிறார்களோ, அவர்கள் பேச்சில் இது அதிகம். மெஷினுக்கு மௌனம் பிடிக்காது. எதையாவது போட்டு நிரப்பும். நம்மூர்க் கல்யாண வீட்டில் சில மாமாக்கள் இருப்பார்களே, அப்படி.

நூற்றில் ஒன்று என்றால் மீட்டிங் மினிட்ஸுக்குப் பரவாயில்லை. மேனேஜர் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால் அவரே சந்தோஷப்படுவார். ஆனால் என்னிடம் இருந்த 31 பேட்டிகளில், நிறுத்தாமல் பேசியவர் ஒருவர்கூட இல்லை.

நேரத்தின் கதையைக் கேளுங்கள். சாதாரணச் சாராயம் குடித்தவுடன் வேலையைக் காட்டும். மெத்தனால் அப்படி இல்லை. கல்லீரல் அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றும். பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். அமிலம் பார்வை நரம்பைத்தான் பதம் பார்க்கும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. ஆகவே, 'எத்தனை மணிக்குக் குடிச்சாரு, எப்போ கண்ணு தெரியலன்னாரு, எப்போ ஆஸ்பத்திரிக்குப் போனீங்க' என்ற மூன்று கேள்விக்கும் வரும் பதிலில் ஒரு மணி நேரம் மாறினாலும் கதையே மாறும். 'கோழி கூப்புட' என்பது காலை எட்டு மணி ஆகிவிடக் கூடாது. கோழி பிடிக்கிற கதையாகவும் ஆகிவிடக் கூடாது.

எனவே கையால்தான் எழுதினேன். ஒரே விதி: கேட்டதை மட்டும் எழுது. 'குடிச்சுட்டு வந்தாரு' என்றால் அப்படியே. 'மது அருந்திவிட்டு வந்தார்' என்று நாமாக வேட்டி கட்டி விடக் கூடாது. புரியாத இடத்தில் 'புரியவில்லை, 23:14' என்று நேரத்தோடு குறிப்பு. ஊகித்து எழுதினால் பக்கத்தில் கேள்விக்குறி. அழுதால் 'அழுகை'. பேசாமல் இருந்தால் 'மௌனம், 14 விநாடி'. ஆள் பெயர் வந்தால் 'பெயர் 1', 'பெயர் 2'. சாராயம் விற்றவர் என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால் அதுவும் எண்தான். நான் நீதிபதி இல்லை. சொன்னவர் நாளைக்கும் அதே தெருவில் குடியிருக்கவேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்தும் நாலு பேட்டி. தகர ஷீட் கூரையில் மழை கொட்டுகிறது, அதற்கடியில் ஒரு பெரியவர் பேசுகிறார். சாராயம் என்றால் எல்லோரும் மலையைக் கையைக் காட்டுவதால், சோதனை என்று யார் வந்தாலும் முதலில் தன் வீட்டைத்தான் தட்டுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். இருபது நிமிடப் பேட்டிக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. மழையை நீக்கிப் பார்த்தேன், பெரியவரும் சேர்ந்து மெலிந்தார். மறுபடி மழையோடு கேட்டேன்.

உள்ளூர்க்காரன் இந்த வேலை செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. குரல்கள் தெரிந்துவிடும். ஒரு குரலை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நேரில் கேட்கிறேன். அவருக்கு நான் ஒரு சாதாரண வாடிக்கையாளன். அவர் வீட்டுக் கடன் எவ்வளவு, இராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சில்லறை வாங்கும்போது முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

டீக்கடையிலும் விடமாட்டார்கள். "என்னா சார், கருணாபுரத்து ஆளுங்க பேசுனதெல்லாம் நீங்கதான் எழுதறீங்களாமே? யார் யார் பேர சொல்லியிருக்காங்க?" என்று ஒருவர் கேட்டார். டீ சொல்லி, காசும் அவரே கொடுக்கத் தயார் என்றார்.

"எங்க சார்... ஒரே சேவல் சத்தம். ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவர் நம்பவில்லை. டீக்குக் காசு நானே கொடுத்தேன். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று நாட்டில் சட்டமே வந்துவிட்டது. ஆனால் டீக்கடை பெஞ்சுக்குச் சட்டம் தெரியாது. அங்கே நம் வாய்தான் பூட்டு.

இதெல்லாம் எதற்கு, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்காகவா என்று கேட்கலாம். நூறு வருடத்துக்கு முன்னால் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக, இந்தியா முழுக்கப் பல மொழிகளைக் கிராமபோன் தட்டில் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். தமிழும் அதில் உண்டு. இன்றைக்கும் அந்தக் குரல்களைக் கேட்க முடிகிறது. காரணம், தட்டுக்குத் தட்டு யாரோ எண் போட்டு, என்ன மொழி, என்ன பேச்சு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். எண் போடாத தட்டு வெறும் அரக்கு. 'ஃபைனல் நியூ' என்று பெயர் வைத்த ஃபைலும் அப்படித்தான் ஆகும், பத்தே வருடத்தில்.

நாலு மாதத்தில் வேலை முடிந்தது. எழுதியதை ஒரு தடவை ஒலியோடு ஒப்பிட்டுச் சரி பார்த்தேன். பாங்க் ரீகன்சிலியேஷன் மாதிரி, அவர்கள் பக்கத்தில் இருப்பது என் பக்கத்தில் இருக்கிறதா, என் பக்கத்தில் இருப்பது அவர்கள் சொன்னதுதானா. நோட்டை மாணவியிடம் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் எல்லா ஃபைலும் திறக்கிறது என்று சொன்ன பிறகு, என் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கிலும் இருந்ததை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பலர் வாசலைப் பெருக்கிக் குப்பையைக் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக பில். எங்கள் ஒப்பந்தம், ஒலியின் நிமிடத்துக்கு 12 ரூபாய். 41 மணி என்றால் 2,460 நிமிடம், 29,520 ரூபாய். எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. யாரும் பேசாத நேரத்துக்கும் கூலி கேட்கலாமா? குறித்து வைத்திருந்த மௌனங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். 112 நிமிடம். 1,344 ரூபாய். கழித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அந்த இடங்களைத்தான் நான் அதிகத் தடவை திரும்பக் கேட்டிருக்கிறேன், ஏதாவது சொல்கிறார்களா என்று.

கழிக்கவில்லை. தனி வரியாகப் போட்டேன்: 'மௌனம், 112 நிமிடம்.'

என் கூடப் படித்து இப்போது ஆடிட்டராக இருப்பவனிடம் காட்டியிருந்தால், இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டிருப்பான். பேட்டி எடுத்த அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் பணத்தை அனுப்பிவிட்டார்.